‘எ பிட் அண்டர்வெல்மிங்’ என்றால் எவ்வளவு மோசம்?

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் மெனக்கெட்டு ஒரு பிரசன்டேஷன் தயார் செய்து, லண்டனில் இருக்கும் மேலாளருக்கு அனுப்பியிருக்கிறார். வந்த பதில் ஒரே வரி: ‘ஃபிராங்க்லி, எ பிட் அண்டர்வெல்மிங்.’ அகராதியைப் புரட்டினால் ‘அவ்வளவாக ஈர்க்காத’ என்று போட்டிருக்கிறது. ‘எ பிட்’ என்றால் கொஞ்சம்தானே, பெரிய குறையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தச் சொல்லை நானும் மற்ற இடங்களில் போடலாமா? தமிழில் இதை எப்படிச் சொல்வது?

இருபது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: பெரிய குறைதான். ‘எ பிட்’ என்பதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மரியாதை. பிரிட்டிஷ்காரர் பேச்சில் ‘எ பிட்’, ‘ராதர்’, ‘நாட் குவைட்’ எல்லாம் கத்திக்கு மேல் போட்ட துணி மாதிரி. துணி இருக்கிறது என்பதற்காகக் கத்தி இல்லை என்று ஆகாது. அதிலும் ‘ஃபிராங்க்லி’ என்று ஆரம்பித்துவிட்டார் என்றால், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறார் என்று பொருள்.

இது நமக்குப் புரியாத வழக்கம் ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவி வரும் பெரியப்பாவிடம் “சாப்பாடு எப்படி இருந்தது பெரியப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாம் நல்லா இருந்ததுப்பா… பாயசம்தான் கொஞ்சம்…” என்று இழுப்பார். வாக்கியத்தை முடிக்க மாட்டார். வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த ‘கொஞ்சம்’ எத்தனை பெரிய கொஞ்சம் என்பது கேட்டவருக்குத் தெரியும், பாயசம் வைத்த சமையல்காரருக்கும் தெரியும். உங்கள் மேலாளரின் ‘எ பிட்’ அதே கொஞ்சம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ‘தப்பு’ என்று சொல்லவில்லை, ‘மோசம்’ என்றும் சொல்லவில்லை. அண்டர்வெல்மிங் என்பது தவறைச் சுட்டும் சொல் இல்லை. உங்கள் கணக்கெல்லாம் சரியாக இருக்கலாம், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அவர் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார், வந்தது அந்த உயரத்துக்கு எழவில்லை. இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் தெளியும்.

‘வெல்ம்’ என்று ஒரு பழைய ஆங்கில வினைச்சொல் உண்டு. ஒரு பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்ப்பது, கவிழ்த்து எதையாவது மூடுவது என்று அர்த்தம். கிராமத்தில் கோழியைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பார்களே, அதேதான். பிறகு அலை வந்து படகைக் கவிழ்த்து மூடுவதற்கும் அந்தச் சொல் போனது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்கு முன்னால் ‘ஓவர்’ சேர்ந்து ‘ஓவர்வெல்ம்’ ஆயிற்று. கவிழ்த்து மூடுவது என்றாலே மேலிருந்துதானே மூட வேண்டும், அதற்கு மேல் ஒரு ‘ஓவர்’ எதற்கு என்று கேட்டால், நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்வது எதற்கோ அதற்குத்தான். நாளாவட்டத்தில் வெறும் ‘வெல்ம்’ தேய்ந்துபோய் ‘ஓவர்வெல்ம்’ நிலைத்துவிட்டது. துக்கமோ சந்தோஷமோ வேலையோ, அலை மாதிரி வந்து ஆளை அமுக்கித் திணறடித்தால் அது ஓவர்வெல்மிங்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் யாரோ குறும்புக்காரர் ‘ஓவரை’ எடுத்துவிட்டு ‘அண்டரை’ மாட்டினார். கேலிக்காகச் செய்த சொல். கீழேயிருந்து எப்படிக் கவிழ்ப்பது? அர்த்தமே கிடையாது. ஆனால் கேட்டவுடன் எல்லோருக்கும் புரிந்தது: பெரிய அலை வருகிறது என்று சொன்னார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம், வந்த தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. அந்தக் குறும்புச் சொல் இன்று பத்திரிகைத் தலையங்கம், கம்பெனி மின்னஞ்சல் வரை போய்விட்டது. இருந்தாலும் அடியில் அந்த நக்கல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் அது சுருக்கென்று குத்துகிறது.

ஆக, அண்டர்வெல்மிங் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு அலை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், பில்டப் வேண்டும். பில்டப் இல்லாத இடத்தில் இந்தச் சொல் உட்காராது. தெருமுனைக் கடையில் நின்றுகொண்டே குடித்த டீ சுமாராக இருந்தால் அது அண்டர்வெல்மிங் இல்லை, வெறும் சுமார் டீ. அதே டீயை ‘நூறு வருடப் பாரம்பரியம்’ என்று பலகை மாட்டி, நாற்பது நிமிடம் வரிசையில் நிற்க வைத்து, பித்தளை டபராவில் கொடுத்தால் அப்போது அது அண்டர்வெல்மிங். டீ மாறவில்லை பாருங்கள்.

இதற்கு உலகத்திலேயே பிரபலமான உதாரணம் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோனாலிசா. அந்த ஓவியத்தின் அளவு 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். ஒரு தினசரியை முழுதாக விரித்துப் பிடித்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம், நமக்கு முன்னால் தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே தெரியும். பாடப்புத்தகத்திலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்துப் பார்த்து மனதுக்குள் சுவர் உயரத்துக்கு வளர்த்து வைத்திருந்த படம் அது. நேரில் பார்த்தவர்கள் ஊர் திரும்பி முதலில் சொல்வது “இவ்ளோதானா?” என்பதுதான். ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அது மூர்த்திக்குப் பரிந்து பேசுகிற மொழி. அண்டர்வெல்மிங் அதையே திருப்பிப் போடுகிறது: கீர்த்தி பெரிது, மூர்த்தி சிறிது.

வேடிக்கை என்னவென்றால், அதே அறையில் மோனாலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெரோனேசே என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த, பைபிளில் வரும் கானாவூர்த் திருமண ஓவியம் தொங்குகிறது. கிட்டத்தட்ட 6.8 மீட்டர் உயரம், 9.9 மீட்டர் அகலம். ஒரு சின்ன வீட்டின் முகப்பே அவ்வளவு இருக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள், நாய்கள், இசைக்கருவிகள், மேலே வானம். பெரும்பாலானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யதேச்சையாகத் திரும்பிப் பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஓவர்வெல்மிங்கும் அண்டர்வெல்மிங்கும் ஒரே அறையில் எதிரெதிரே. ஒன்றைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு வந்தோம், மற்றதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வந்தோம். வித்தியாசம் அதுதான்.

ஹாலி வால்நட்சத்திரமும் இப்படித்தான். 1910ல் அது பூமியிலிருந்து சுமார் 2.3 கோடி கி.மீ. தூரத்தில் கடந்து போனது. வெறும் கண்ணுக்கே நீண்ட வாலோடு தெரிந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை 1986க்காகக் காத்திருந்தது. ஆனால் அந்த முறை அது சூரியனுக்கு மிக அருகே போய்ப் பிரகாசமாக இருந்த நாட்களில் பூமி சூரியனுக்கு மறுபக்கம் இருந்தது. பிறகு கிட்டே வந்தபோதும் 6.3 கோடி கி.மீ. தூரம். பலருக்கும் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல்தான் தெரிந்தது. வால்நட்சத்திரத்தின் மேல் தப்பே இல்லை, அது தன் பாதையில்தான் போனது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு ஒட்டிய சொற்களில் அண்டர்வெல்மிங்கைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

சரி, இப்போது இதன் பங்காளிகளைப் பார்க்கலாம். எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அகராதிகள் ‘திருப்தியற்ற’, ‘தரமற்ற’, ‘சுமாரான’ என்று மாற்றி மாற்றிப் போட்டு நம்மைக் குழப்பிவிடும்.

மூத்தது டிசப்பாயிண்டிங். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அப்பாயிண்ட் என்றால் பதவியில் அமர்த்துவது, டிசப்பாயிண்ட் என்றால் முதலில் பதவியிலிருந்து இறக்குவது. 15ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருளில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது. கிடைக்கும் என்று இருந்தது கையைவிட்டுப் போவது என்ற உணர்வு அங்கிருந்து தொடர்கிறது. அண்டர்வெல்மிங்கில் ஆள் சற்று விலகி நின்று உதட்டைப் பிதுக்குகிறார், டிசப்பாயிண்டிங்கில் மனசு நோகிறது. மகன் பரீட்சையில் மார்க் குறைந்தால் அப்பாவுக்கு அது டிசப்பாயிண்டிங். அங்கே அண்டர்வெல்மிங் என்று சொன்னால் அப்பா மகனை சர்க்கஸ் பார்ப்பதுபோலப் பார்க்கிறார் என்று ஆகும்.

இந்தச் சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘ஐ ஆம் டிசப்பாயிண்டிங்’ என்று எழுதிவிடுவார்கள். ‘எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது’ என்று சொல்ல வந்தவர் ‘நான் ஒரு ஏமாற்றம்’ என்று ஒப்புக்கொண்டதாக முடியும். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழி நம் இலவு காத்த கிளி. இலவங்காய் பழுக்கும், கொத்தித் தின்னலாம் என்று கிளி மரத்திலேயே காத்துக் கிடந்தது. காய் முற்றி வெடித்தது, உள்ளே பஞ்சு பறந்தது. இதில் கிளி டிசப்பாயிண்டட், காய் டிசப்பாயிண்டிங். கிளிக்கு ‘எட்’, காய்க்கு ‘இங்’. அண்டர்வெல்ம்டு, அண்டர்வெல்மிங்குக்கும் இதே கணக்கு. போரிங், போர்டுக்கும் இதேதான். எழுதும் முன் ‘நான் கிளியா, காயா?’ என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் போதும்.

மீடியாக்கர் வேறு ரகம். லத்தீனில் ‘மெடியஸ்’ என்றால் நடு, ‘ஓக்ரிஸ்’ என்றால் கரடுமுரடான மலை. பாதி மலை ஏறியவன்தான் மீடியாக்கர். பழநியில் பாதிப் படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழேயும் இல்லை, மேலேயும் போகவில்லை. பழைய ரோமில் இந்த நடுத்தன்மை நல்ல குணமாகக்கூடப் பேசப்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அது வசவு. அண்டர்வெல்மிங்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இதற்கு எதிர்பார்ப்பு தேவையில்லை. யாரும் எதையும் எதிர்பார்க்காத ஒரு புத்தகமும் மீடியாக்கராக இருக்கலாம். அது பொருளின் மேல் போடுகிற தீர்ப்பு, அதனால் இன்னும் கடுமை. உங்கள் மேலாளர் ‘மீடியாக்கர்’ என்று எழுதியிருந்தால் நான் இத்தனை சாவகாசமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

லாக்லஸ்டர் என்பது களையில்லாதது. லஸ்டர் என்றால் பளபளப்பு. ஷேக்ஸ்பியர் இதை ஒரு கண்ணுக்குப் போட்டார். நாமும் ‘முகத்தில் களையே இல்லையே’ என்கிறோம், படம் அப்படியே ஒத்துப்போகிறது. உயிரோட்டம், வேகம் குறைந்த எதற்கும் இது சேரும்: ஆட்டம், விற்பனை, கூட்டம், பேச்சு. பங்குச்சந்தைச் செய்திகளில் ‘லாக்லஸ்டர் டிரேடிங்’ என்று படித்தால், விலை விழுந்தது என்று அர்த்தமில்லை, சந்தை தூங்கி வழிந்தது என்று அர்த்தம்.

சப்பார் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பார்’ என்றால் சமம், வரையறுத்த அளவு. அதற்குக் கீழே போனால் சப்பார், எனவே மட்டம். ஆனால் கோல்ஃப் ஆட்டத்தில் குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுபவர்தான் கெட்டிக்காரர். பார் 72 என்று இருக்கும் மைதானத்தில் 68ல் முடித்தால் ‘ஃபோர் அண்டர் பார்’, கை தட்டுவார்கள். விளையாட்டுப் பக்கத்தில் ‘அண்டர் பார்’ என்று பார்த்துவிட்டு ‘மோசமான ஆட்டம்’ என்று மொழிபெயர்த்த பிரதியை நான் திருத்தியிருக்கிறேன். பாவம், ஜெயித்தவரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

சப்ஸ்டாண்டர்ட் என்று எழுதும் முன் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். அது ரசனைச் சொல் இல்லை, பரிசோதனைச் சொல். யாரோ ஒரு தரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், சோதித்தார்கள், தேறவில்லை என்று பொருள். மருந்து விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2017லிருந்து ‘சப்ஸ்டாண்டர்ட்’, ‘ஃபால்சிஃபைடு’ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற கம்பெனி தயாரித்து, தரத்தில் தேறாமல் போனது முதல் வகை. பேரையோ சரக்கையோ மாற்றி வேண்டுமென்றே ஏமாற்றுவது இரண்டாவது. நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலிலும் ‘நாட் ஆஃப் ஸ்டாண்டர்ட் குவாலிட்டி’ என்ற தொடர்தான் இருக்கும். தமிழ்ச் செய்தியில் அது சில சமயம் ‘போலி மருந்து’ என்று வந்துவிடுகிறது. தரத்தில் தேறாதது வேறு, போலி வேறு. அங்கே ஒரு பெயரடை வழக்கு வரை இழுத்துப் போகும். உங்கள் பக்கத்து பேக்கரி கேக் பிடிக்கவில்லை என்றால் ‘சப்ஸ்டாண்டர்ட்’ என்று விமர்சனம் எழுதாதீர்கள். ‘அண்டர்வெல்மிங்’ என்றால் உங்கள் நாக்கின் கருத்து, ‘சப்ஸ்டாண்டர்ட்’ என்றால் குற்றச்சாட்டு.

இன்னொன்று, ‘டாம்ப் ஸ்குயிப்’. பெயரடை இல்லை, ஆனால் இந்தக் கும்பலில் சேர்ந்தது. ஸ்குயிப் என்பது சின்னப் பட்டாசு, டாம்ப் என்றால் ஈரம். ஆக, நமுத்துப்போன பட்டாசு என்று பொருள். சிவகாசியை வைத்துக்கொண்டு நாம் இதை விளக்கிப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, ‘புஸ்வாணம் ஆகிவிட்டது’ என்பதும் இதேதான். ஸ்குயிப் என்றால் என்ன என்று தெரியாத ஆங்கிலேயர்களே இதை ‘டாம்ப் ஸ்குயிட்’ என்று சொல்வதுண்டு. ஈரமான கணவாய் மீன். கணவாய் என்றைக்குக் காய்ந்திருந்தது?

நம் ஊர் ஆங்கிலத்துக்கு வருவோம். நாம் இந்த நுணுக்கமெல்லாம் பார்ப்பதில்லை. நம்மிடம் இரண்டே கியர்: ஒன்று ‘சூப்பர்’, இன்னொன்று ‘வொர்ஸ்ட்’. “அந்த ஓட்டல் வொர்ஸ்ட்டுடா.” “சர்வீஸ் வெரி வொர்ஸ்ட்.” வொர்ஸ்ட் என்றால் இருப்பதிலேயே கடைசி. உலகத்தில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்றால்தான் அந்தச் சொல். ‘வெரி’ போட்டு அதை இன்னும் கீழே தள்ள முடியாது. ‘பதெட்டிக்’ என்பதும் அப்படியே. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தாலும் ‘பதெட்டிக்’, பாலம் இடிந்தாலும் ‘பதெட்டிக்’. ‘படம் வேஸ்ட்’ என்பது தமிழாக நன்றாக இருக்கிறது. ஆங்கிலமாக எழுதினால் ‘எ வேஸ்ட் ஆஃப் டைம்’ என்று முழுசாகப் போட வேண்டும்.

அலுவலகத்தில் மட்டும் நாம் திடீரென்று சாதுவாகி ‘நாட் அப் டு தி மார்க்’ என்று எழுதுவோம். தமிழ்நாட்டில் இந்தத் தொடர் இல்லாத வருடாந்தர மதிப்பீடே இருக்காது. நம்மூரில் மார்க் என்றால் பரீட்சை மார்க், அதனால் பள்ளிக்கூட வாசனையோடு அது மனதில் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். தப்பான ஆங்கிலம் இல்லை. ஆனால் அதைக் கேட்பவர் எந்த மார்க், யார் போட்டது என்று தெரியாமல் விழிப்பார்.

நான் மட்டும் ஒழுங்கா என்ன? வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அதில் ‘யுவர் ஒர்க் லீவ்ஸ் எ லாட் டு பி டிசையர்ட்’ என்று ஒரு வரி. டிசையர் என்றால் ஆசை, எ லாட் என்றால் நிறைய. “சார், நம்ம வேலை அவங்களுக்கு நிறைய ஆசையைக் கிளப்பிடுச்சாம், இன்னும் நிறைய அனுப்புவாங்க போல” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னேன். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “தம்பி, இலையில சாதம் மட்டும் வச்சுட்டு எல்லாரும் போயிட்டா, சாப்பிட உட்கார்ந்தவன் என்னென்ன வேணும்னு ஆசைப்படுவான்? சாம்பார் வேணும், கூட்டு வேணும், அப்பளம் வேணும். அந்த ஆசையைத்தான் சொல்றான்” என்றார். இன்றைக்கும் அந்த ஆங்கில வரி கண்ணில் பட்டால் எனக்கு வெறும் சாதம் வைத்த இலைதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது கேள்வி, நீங்கள் எங்கே போடலாம். சினிமா, போன், ஓட்டல், சுற்றுலா இடம், கிரிக்கெட் அணி, பட்ஜெட் அறிவிப்பு, புதிய கார் என்று ஆரவாரத்தோடு வருகிற எதற்கும் தாராளமாகப் போடலாம். ‘ரெஸ்பான்ஸ்’, ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘ரிசல்ட்ஸ்’, ‘டெப்யூ’ இவற்றோடு இயல்பாகச் சேரும். முன்னால் ‘சம்வாட்’, ‘ராதர்’, ‘ஃபிராங்க்லி’ போடுவது வழக்கம். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘வெல்’ மேல் விழ வேண்டும். வாக்கியத்திலேயே எதிர்பார்ப்பு என்ன என்று காட்டிவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்: ‘ஆஃப்டர் ஆல் தட் ஹைப், தி கேமரா இஸ் அண்டர்வெல்மிங்.’ மனிதர்களுக்கு நேராகப் போடாதீர்கள். பெண் பார்க்கப் போய்விட்டு வந்து ‘ஷி வாஸ் அண்டர்வெல்மிங்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவரைப் பற்றி அந்தப் பெண் என்ன சொன்னாரோ. துயரமான விஷயங்களுக்கும் வேண்டாம். வெள்ள நிவாரணம் போதவில்லை என்றால் ‘இனாடிக்வேட்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். அங்கே அண்டர்வெல்மிங் என்றால், வேடிக்கை பார்க்க வந்தவர் குறை சொல்வது மாதிரி இருக்கும்.

மூன்றாவது, தமிழ். ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யத் தவறிவிட்டது’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்காது. ‘ஃபெயில்டு டு மீட்’ என்பதைத் தோலுரித்துப் போட்டதுபோல இருக்கிறது. யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் பெயரடை செய்யும் இந்த வேலையைத் தமிழில் ஒலி செய்கிறது. ‘சப்பென்று இருந்தது’, ‘புஸ்ஸென்று போனது’. ‘சப்’ என்றால் உப்பும் உறைப்பும் இல்லாத நாக்கு, ‘புஸ்’ என்றால் காற்று இறங்கிய பலூன். எதிர்பார்ப்பை முன்வாக்கியத்தில் வைத்துவிட்டு ஒலியைப் பின்னால் போட்டால் முடிந்தது: ‘டிரெய்லரைப் பார்த்து என்னமோ ஏதோ என்று போனால், படம் சப்பென்று இருந்தது.’ அண்டர்வெல்மிங் என்ற ஒற்றைச் சொல் முழுசாக வந்துவிட்டது. பேச்சில் ‘மொக்கை’ என்று சொல்வது மீடியாக்கருக்குக் கிட்டே வரும், அதில் எதிர்பார்ப்பு அவசியமில்லை. ‘சொதப்பல்’ என்றால் யாரோ காரியத்தைக் கெடுத்திருக்க வேண்டும், அது அண்டர்வெல்மிங் ஆகாது.

‘சுமார்’, ‘பரவாயில்லை’ இரண்டும் இன்னும் நுட்பமானவை. இரண்டும் பாரசீக வேர் கொண்டவை, உருது வழியாக நம்மிடம் வந்தவை. ‘ஷுமார்’ என்றால் எண்ணிக்கை, ‘பர்வா’ என்றால் கவலை. ஏதோவொன்று அரைகுறையாக இருக்கிறது என்று சொல்ல நாம் ஏன் எப்போதும் வெளியூர்ச் சொல்லைத் தேடுகிறோம் என்று தெரியவில்லை. அன்று சுமார், இன்று ‘டல்’, ‘ஃப்ளாப்’, ‘வேஸ்ட்’. ‘பரவாயில்லை’ குரலுக்குத் தக்க மாறும். “அட, பரவாயில்லையே!” என்றால் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, அண்டர்வெல்மிங்குக்கு நேர் எதிர். “ம்… பரவால்ல” என்று இறங்கினால் அதேதான். எழுத்தில் குரல் கேட்காது என்பதால் மொழிபெயர்ப்பில் நான் இதைத் தொடுவதில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒன்று இருக்கிறது: ‘ப்ச்’. ஆங்கிலேயர் ‘மெஹ்’ என்கிறார்களே, அது. அந்த மெஹ்ஹைத் தன் அகராதியில் சேர்க்கப்போவதாக 2008ல் காலின்ஸ் அறிவித்தபோது பெரிய செய்தியானது. நம் ‘ப்ச்’ இன்னும் எந்த அகராதிக்காகவும் காத்திருக்கவில்லை.

உங்கள் மேலாளருக்கு என்ன பதில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் உழைத்தேன் என்று எழுதாதீர்கள், அவர் உழைப்பைக் குறை சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம், தப்பு என்றும் அவர் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த அலை எவ்வளவு உயரம் என்பதுதான் உங்களுக்குத் தெரியாதது. அதை மட்டும் கேளுங்கள்: ‘தாங்க்ஸ் ஃபார் பீயிங் ஃபிராங்க். வாட் வேர் யு ஹோப்பிங் டு சீ?’ இரண்டே வரி. பெரும்பாலும் அவர் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவார். எந்த ஸ்லைடில் என்ன வேண்டும் என்பது அதில் இருக்கும்.